முன்சக்கரம் திரும்பாத லாரி

"என்னங்க இது, லாரியா?"

"பார்த்தாத் தெரியலையா? லாரிதான்" என்றாள் ஆயா வடிவு.

"மேல இருந்து பார்த்தா லாரிதான். கவுத்துப் பார்த்தா ஒண்ணையும் காணோமே. கொடலே இல்லாத மனுசன் மாதிரில்ல இருக்கு."

கொடைக்கானலில் அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவன் டிரைவர் ஞானவேல். இடது கால் தொடை வரைக்கும் மாவுக்கட்டுக்குள் இருந்தது. கையில் ஒரு சாணுக்குக் குறைச்சலாக ஒரு மர லாரி. அதைக் கோழியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெர்மாமீட்டர் தட்டோடு வார்டுக்குள் நுழைந்த நர்ஸ் கண்மணிக்குத் தட்டு கையை விட்டுப் போகப் பார்த்தது.

"வடிவக்கா! அதை யாரு இங்க கொண்டாரச் சொன்னது?"

"நான் என்னத்தா பண்ண? வெள்ளனே இருந்து இவன் 'கல்லு வச்சேன், கல்லு வச்சேன்'னு ஒரே சத்தம். புள்ள அழுதா கிலுகிலுப்பை ஆட்டுறோம்ல? டிரைவர் அழுதான், லாரியைக் காட்டுனேன். உன் ரூமைக் கூட்டப் போனேன், அலமாரியில வரிசையா நின்னுச்சு, ஒண்ணை எடுத்துட்டு வந்தேன்."

"வடிவு, என்னைச் சிரிக்க வைக்காதே. தையல் விட்டுரும்" என்றார் பக்கத்துக் கட்டில் ஜலீல் பாய். பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். குடல்வால் ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்தபடியே பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க" என்று கண்மணி கையை நீட்டினாள்.

"இருங்க நர்சம்மா. இதை நீங்களா செஞ்சீங்க? தார்ப்பாய் முடிச்சு அச்சு அசல். கேபின் மேல ஸ்டெப்னி கெடக்கு, சரி. பின்னால ஜோடி ஜோடியா வீலு, அதுவும் சரி. ஆனா அடியில வெறும் பலகையும் ரெண்டு குச்சியும்தான் கெடக்கு. வில்லுப் பட்டை எங்க? ராடு எங்க? ஆக்சில் எங்க?"

"நான் அதெல்லாம் பார்த்ததில்ல."

"லாரியைப் பார்த்ததில்லையா?"

"அடியில பார்த்ததில்ல."

அவள் சொன்னது உள்ளபடியே உண்மை. நர்சுகள் தங்கும் கட்டடம் மேட்டில் இருந்தது. கண்மணியின் ஜன்னலுக்கு நேர் கீழே சாலை. லாரிகள் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே வந்து நிற்கும். ஜன்னலில் நின்றால் லாரியின் தலை தெரியும், முதுகு தெரியும், தார்ப்பாயில் தேங்கிய மழைத் தண்ணீர்கூடத் தெரியும். வயிறு மட்டும் தெரியாது.

கொடைக்கானலுக்கு வந்த முதல் வருஷம், மேகம் வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்ட காலத்தில், மற்ற நர்சுகள் எல்லாரும் ஸ்வெட்டர் பின்னினார்கள். இவளுக்கும் ஊசியும் கம்பளி நூலும் கொடுத்தார்கள். பின்னிப் பார்த்ததில் கையும் வரவில்லை, கழுத்தும் வரவில்லை. நூலை வைத்துவிட்டு, பேரிக்காய் வந்த பெட்டியைப் பிரித்து ஒரு லாரி செய்தாள். "ஏண்டி, பொம்பளப் புள்ளைக்கு லாரி எதுக்குடி?" என்று கேட்டவர்களுக்கு, "ஸ்வெட்டர்ல சக்கரம் இல்லையே" என்று பதில் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

எல்லாமே ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடுகிற சாமான்தான். பழைய எக்ஸ்ரே பிலிமை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு போய்விடும், முன்கண்ணாடி தயார். மருந்துக் குப்பியின் அடிப்பாகம் ஹெட்லைட். கிழிந்த துணிக்கட்டில் ஊதா மருந்தைத் தடவினால் தார்ப்பாய். உலகத்திலேயே ஊதாத் தார்ப்பாய் போட்ட லாரி அவளுடையது மட்டும்தான். டயருக்குப் பென்சிலின் பாட்டிலின் ரப்பர் மூடி. அந்த மூடியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்பதால் லாரியின் மற்ற அளவெல்லாம் அதிலிருந்துதான் பிறக்க வேண்டியிருந்தது. அளவெடுக்க அவள் கண்டுபிடித்த வழி வடிவு. "அக்கா, அந்த லாரிப் பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க" என்று கீழே அனுப்புவாள். சக்கரம் வடிவின் இடுப்புக்கு மேலே வந்தது. அப்படியானால் மூடி அளவுக்கு வடிவு முக்கால் தீக்குச்சி உயரம். அந்த முக்கால் தீக்குச்சியை வைத்துக் கதவு, பாடி, ஏணி எல்லாவற்றையும் அளந்துகொள்வாள். ஒரு லாரிக்கு ஏழு மூடி வேண்டும். வார்டில் காய்ச்சல் குறைந்தால் லாரி வேலையும் படுத்துவிடும்.

"சரி, லாரியை நல்லாப் பார்த்தாச்சு. இப்பவாச்சும் சொல்லு மாப்ள" என்றார் ஜலீல் பாய். "கல்லு வச்சியா, இல்லையா?"

"பாய், நீங்களுமா? என் வீட்டுக்காரி அடுக்கத்துல இருந்து அடிச்சுப் பிடிச்சு வந்தா. கால் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. கல்லு வச்சீகளான்னுதான் கேட்டா."

"என்னதான் நடந்துச்சு?" என்றாள் கண்மணி. தெர்மாமீட்டரை அவன் வாயில் வைக்க மறந்துபோனாள்.

"கூக்கால்ல கிழங்கு ஏத்திட்டு வர்றேன் நர்சம்மா. கிளீனர் அன்னிக்கு வரலை, அவன் அக்கா மகளுக்குச் சடங்கு. இறக்கத்துல ஒரு வளைவு இருக்கு. மேகம் இல்லேன்னா அங்கனருந்து பார்த்தா பழனி மலை தெரியும். ஒரு சூடம் கொளுத்திட்டு வருவோம்னு நிறுத்துனேன். ஹேண்ட் பிரேக் அந்த வண்டியில பேருக்குத்தான். அதனால நல்ல கல்லாப் பார்த்து முன்வீலுக்கு முன்னால வச்சேன். வச்சேங்க! சூடத்தைக் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டுட்டுத் தெறந்தா, வண்டி என்னையத் தாண்டிப் போகுது."

"நீ முருகனைக் கும்பிட்டே. வண்டி நேர்லயே பார்த்துட்டு வந்துரலாம்னு கெளம்பிருச்சு" என்றார் பாய்.

"ஓடிப்போய்க் கதவைப் பிடிச்சேன். கதவு கையோட வந்துருச்சு, நான் கீழே கெடக்கேன். வண்டி பள்ளத்துல எறங்கி, நல்லவேளை, ஒரு சவுக்கு மரத்துல சாஞ்சு நின்னுருச்சு. கிழங்குதான் நிக்கல."

"கீழ பாலசமுத்திரத்துல அன்னிக்கு வீட்டுக்கு வீடு கிழங்குப் பொரியலாம்லே" என்றாள் வடிவு.

"நீங்க சிரிங்க. ஆளுக வந்து பார்த்தப்ப வீலு நின்ன எடத்துல கல்லைக் காணோம். ரோட்டு ஓரம் பூராக் கல்லு கெடக்கு, அதுல எது நான் வச்ச கல்லுன்னு எப்படிக் காட்டுவேன்? முதலாளி சொல்லிட்டாரு, கல்லு வைக்காத டிரைவர் நமக்கு வேண்டாம்னு. வண்டியைத் தூக்கித் தட்டி நிமித்தியாச்சு. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வர்றாரு. அன்னிக்கே சாவி வேற ஆளு கைக்குப் போகுது. அது போனாப் போகட்டும் நர்சம்மா. மலையில கல்லு வைக்காதவன்னு ஒரு தடவை பேரு வாங்கிட்டா, அப்புறம் எவன் என்னைய நம்பி வண்டியைக் குடுப்பான்? மாட்டு வண்டிகூடக் குடுக்க மாட்டான்."

கண்மணி லாரியை வாங்கி, தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிற எந்த லாரியும் கல் வைக்காமல் நின்று அவள் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றுகிற நேரத்துக்குக்கூட வைப்பார்கள். இவ்வளவு சத்தம் போடுகிறவன் வைத்துத்தான் இருப்பான்.

"வச்ச கல்லு எப்படிப் போகும்?" என்றாள்.

"அதுதான் எனக்கும் தெரியல."

"வச்சுப் பார்த்துருவோமா?"

சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகை ஒன்று வந்தது. அதன் ஒரு முனை தலையணை மேல் ஏறியது. "இன்னும் சரிவு. இன்னும் கொஞ்சம். ஆங், அதேதான் எறக்கம்" என்று ஞானவேல் படுத்தபடியே சொன்னான். கண்மணி லாரியை மேலே வைத்து, முற்றத்தில் பொறுக்கிய சரளைக்கல் ஒன்றை முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் கையை எடுத்தாள்.

லாரி நின்றது.

கல்லை மாற்றி வைத்தாள். நின்றது. சின்னக் கல்லாக வைத்தாள். அப்போதும் ஆடாமல் அசையாமல், சந்தையில் விலைபோகாத எருமை மாதிரி நின்றது. கல்லை எடுத்தாள். சர்ரென்று இறங்கி ஞானவேலின் மாவுக்கட்டில் முட்டிக்கொண்டது.

"தீர்ப்பு வந்துருச்சு மாப்ள" என்றார் பாய். "கல்லு வச்சா நிக்குது. வைக்காட்டி ஓடுது. உன் வண்டி ஓடியிருக்கு."

ஞானவேலின் முகம் சுண்டிப்போயிற்று. உதவி செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று கண்மணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பலகையை எடுக்கக் குனிந்தாள்.

"இருங்க." அவன் லாரியின் முன்சக்கரத்தை விரலால் நெம்பிப் பார்த்தான். "இது திரும்பாதா?"

"எது?"

"முன்வீலு நர்சம்மா! முன்வீலு திரும்பாத லாரியை வச்சு எனக்குத் தீர்ப்புச் சொல்றீங்களா? இது தண்டவாளத்துலல்ல ஓடணும்!"

"திரும்பும்னு தெரியும். எப்படித் திரும்பும்னு தெரியாது. மேல இருந்து பார்த்தா மட்கார்டு மறைச்சுக்கிருது."

"பென்சில் இருக்கா?"

பேப்பர் தேடிப் போனாள் வடிவு. அதற்குள் அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் மாவுக்கட்டின் மேலேயே வரைய ஆரம்பித்துவிட்டான். "இது ஆக்சில். இது அசையாது. ரெண்டு முனையிலயும் குத்தா ஒரு முளை. வீலு இந்த முளையைச் சுத்தித்தான் திரும்பும். ரெண்டு வீலையும் சேர்த்துக் குறுக்க ஒரு ராடு. ஒண்ணு திரும்பினா இன்னொண்ணும் கூடவே திரும்பணும். நான் எத்தனை தடவை மல்லாக்கப் படுத்துக்கிட்டு இதைப் பார்த்திருக்கேன் தெரியுமா? வண்டி மேல பார்க்க எப்படி இருக்கும்னுதான் எனக்கு இத்தனை நாளாத் தெரியாது. உங்க லாரியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மறுநாள் பார்வையிட வந்த பெரிய சிஸ்டர் கட்டிலண்டை நின்றார்.

"கட்டு மேல என்ன இது?"

"ஆக்சில் சிஸ்டர்" என்றான் ஞானவேல்.

"கால்லயா?"

"கால்ல எலும்பு. மேலதான் ஆக்சில்."

பெரிய சிஸ்டர் கண்மணியைப் பார்த்தார். கண்மணி கூரையைப் பார்த்தாள். ஜலீல் பாய் தலையணையை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வரைந்ததைச் செய்வது சுலபமாக இல்லை. முதலில் குண்டூசியில் முளை வைத்தாள், வளைந்துவிட்டது. இரண்டாவது தடவை பலகை பிளந்தது. அடுத்ததில் இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசையில் திரும்பி நின்றன. "மாமியாளும் மருமகளும்" என்றாள் வடிவு. மத்தியானச் சாப்பாட்டு வேளையை எல்லாம் கண்மணி அந்தக் கட்டில் ஓரத்திலேயே கழித்தாள். ஒரு கையில் சோறு, ஒரு கையில் அரம். கடைசியில் முனை மழுங்கிய இன்ஜெக்‌ஷன் ஊசி ஒன்றைத் துண்டு துண்டாக அறுத்தாள். ஊசிக்குள்தான் துளை இருக்கிறதே, அதற்குள் மெல்லிய கம்பியை நுழைத்தால் முளையும் ஆயிற்று, அதைச் சுற்றிச் சுழல உறையும் ஆயிற்று. குறுக்கு ராடுக்குத் தன் கொண்டை ஊசியையே எடுத்து நிமிர்த்தினாள்.

சக்கரத்தைத் தொட்டதும் இரண்டும் சேர்ந்து, ஒரே மாதிரி, சொன்ன பக்கம் திரும்பின.

கண்மணி அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலமாரியில் நிற்கிற அத்தனை லாரியும் இனிமேல் நொண்டியாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாரம் பத்தாது" என்றான் ஞானவேல். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டிலிருந்து பார்லி வந்தது. துணிக்கட்டில் குட்டிக் குட்டி மூட்டை கட்டினார்கள். அடியில் வைக்க ஜலீல் பாய் கடையிலிருந்து எடைக்கல் தருவித்தார். "கடையில நிறுத்துப் போட ஆளு அங்க திண்டாடுது. இங்க என் படிக்கல்லு லாரியில ஏறி உக்காந்திருக்கு" என்றார், சந்தோஷமாக. பலகைமேல் கண்மணி கட்டுப் போடுகிற மாவைக் குழைத்துப் பூசி, ஒரு பக்கம் மலைச் சுவரும் ஒரு பக்கம் பள்ளமுமாக வளைவையே உண்டாக்கினாள். பள்ளத்துக்குக் கீழே வடிவு ஒரு மடித்த போர்வையை வைத்தாள். சவுக்கு மரத்துக்குப் பதில்.

"அன்னிக்கு வீலு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?" என்று கண்மணி கேட்டாள்.

ஞானவேல் கொஞ்சம் யோசித்தான். பிறகு முன்சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தான். கல்லை அவனே வைத்தான். கையை எடுத்தான்.

லாரி ஒரு கணம் நின்றது. கல் டயரின் ஓரத்தில்தான் பட்டிருந்தது. பாரம் அழுத்த அழுத்தக் கல் மெள்ள நழுவி, வெற்றிலைப் பாக்கைத் துப்புகிற மாதிரி பக்கவாட்டில் தெறித்துப் போயிற்று. லாரி வளைந்து இறங்கி, பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிப் போர்வையில் விழுந்தது. பார்லி வார்டெல்லாம் சிந்தியது.

"வச்சேன்! பார்த்தீங்களா! கல்லு வச்சேன்!" ஞானவேல் கட்டிலில் கையை ஊன்றி எழப் பார்த்தான். கண்மணி தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"இப்பத்தான் புரியுது. வீலு நேரா இருந்தா கல்லு முகத்துல படுது, நிக்குது. திரும்பி இருந்தா ஓரத்துல படுது, நழுவிருது. அதான் வீலு நின்ன எடத்துல கல்லு இல்ல!" என்றார் பாய்.

"ஞாயித்துக்கிழமை முதலாளிகிட்ட இதைக் காட்டுவோம்" என்றாள் கண்மணி. அப்புறம்தான் அவளுக்கு அது தோன்றியது. "ஆமா, இறக்கத்துல நிறுத்துறவங்க சக்கரத்தை மலைப் பக்கம்தானே திருப்பி வைக்கணும்? போனாலும் சுவத்துல முட்டி நின்னுருமே. நீங்க ஏன் பள்ளத்துப் பக்கம் திருப்புனீங்க?"

ஞானவேலின் குதூகலம் அடங்கிவிட்டது. போர்வையிலிருந்து லாரியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"கேக்குறேன்ல?"

"வேண்டாம் நர்சம்மா. இதைக் காட்ட வேண்டாம்."

"ஏன்?"

"பழனி மலை பள்ளத்துப் பக்கம்தான் இருக்கு. எங்க முதலாளி வண்டிக எல்லாத்துக்கும் ஒரு வழக்கம். அந்த வளைவுல நிறுத்துனா வண்டி மூஞ்சி சாமியைப் பார்த்து நிக்கணும். நான் கும்பிட்டா மட்டும் பத்தாது, வண்டியும் கும்பிடணும்பாரு. புது வண்டி எடுத்த அன்னிக்கு எங்களையெல்லாம் நிக்க வச்சுச் சொன்னாரு. ரோடு ஒடுக்கம், வண்டியை முழுசாத் திருப்ப முடியாது. வீலையாச்சும் திருப்பி வைப்போம்."

தார்ப்பாயில் ஒட்டியிருந்த பார்லியைத் தட்டிவிட்டான்.

"இதை எப்படி அவர்கிட்டச் சொல்றது? 'முதலாளி, உங்க பக்திதான் வண்டியைத் தள்ளிவிட்டுச்சு'ன்னா? வருசா வருசம் காவடி எடுக்குற மனுசன். கல்லு வைக்கலேன்னு திட்டுவாரு, அதோட போகும். இதைச் சொன்னா, சாமி மேல பழி போடுறான்னு ஆகும். அதுக்கு அந்தப் பேரே தேவலாம்."

"அந்தப் பேரை வச்சுக்கிட்டு என்ன சோலி பார்ப்ப? வீட்டுக்காரியும் புள்ளைகளும் என்ன சாப்பிடும்?" என்றாள் வடிவு.

"பாய், நீங்க சொல்லுங்க" என்றாள் கண்மணி.

"நான் என்னத்தச் சொல்ல? என் கடை வாடிக்கைக்காரர் வேற அவரு." பாய் கொஞ்ச நேரம் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சொல்றதுதானே கஷ்டம்? யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாமே."

கண்மணிக்குப் புரிந்துவிட்டது. "ஆமா. அவரே வச்சுப் பார்க்கட்டும்."

"ஐயோ, வேண்டாம்" என்றான் ஞானவேல்.

"நீங்க படுங்க. நீங்க பேஷண்ட்" என்றாள் கண்மணி.

ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைகிற நேரத்துக்கு முதலாளி திருமலைச்சாமி வந்தார். நெற்றி நிறைய விபூதி. பழனி வெயிலில் வளர்ந்த உடம்பு என்பதால் தலையிலிருந்து கழுத்து வரை மப்ளர். வேலையை விட்டு நிறுத்தப்போகிற டிரைவருக்கும் மறக்காமல் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்திருந்தார்.

"கால் எப்படிய்யா இருக்கு? சாப்பிடு, சாமி பிரசாதம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. கல்லு வச்சிருந்தா நான் ஏன்யா உன்னையப் போகச் சொல்லப்போறேன்?"

ஞானவேல் டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கண்மணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க ஐயா. ஒரு சின்ன வேடிக்கை காட்டணும். உங்க வண்டி மாதிரி ஒண்ணு செஞ்சிருக்கேன், சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்."

லாரியைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறிப்போயிற்று. மப்ளரைக் கழற்றினார். கதவைத் தொட்டார், ஏணியைத் தொட்டார், ஹெட்லைட்டைத் தொட்டார். கவிழ்த்துப் பார்த்தார். "அடடே, ஆக்சில்! ராடு! அம்மா, யாரு செஞ்சது, நீயா? தார்ப்பாய் மட்டும் ஏன் கத்தரிக்காய் கலர்ல இருக்கு?"

"அது மருந்து. இந்தா பாருங்க, கூக்கால் ரோட்டு வளைவு. இது மலை, இது பள்ளம். அங்க..." ஜன்னல் விளிம்பில் இருந்த டிங்சர் பாட்டிலைக் காட்டினாள். "அதுதான் பழனி மலைன்னு வச்சுக்குங்க. உங்க வண்டி இந்த எடத்துல எப்படி நிக்கணும்? நீங்களே நிறுத்திக் காட்டுங்க."

"எப்படி நிக்கணுமா? சாமியைப் பார்த்து நிக்கணும்." அவர் லாரியை இரண்டு கையாலும் எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதனத்தோடு பலகையில் வைத்தார். டிங்சர் பாட்டிலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு முன்சக்கரங்களை அதன் பக்கம் திருப்பினார். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் திருப்பினார். "இந்தா, இப்படித்தான்."

"கல்லு?"

"கல்லு வைக்காமலா? குடு இங்க." இருந்ததில் பெரிய சரளையாகப் பொறுக்கி, சக்கரத்துக்கு முன்னால் அழுத்தி வைத்தார். ஞானவேல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். முதலாளி கையை எடுத்தார்.

கல் தெறித்தது. லாரி வளைந்து, விளிம்பைத் தாண்டி, போர்வையில் குப்புற விழுந்தது. பார்லி மூட்டை ஒன்று உருண்டு போய் ஜலீல் பாயின் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கியது.

"எம்மா, என்னம்மா இது? கல்லு வச்சேனே!"

முதலாளி தெறித்த கல்லைத் தேடிக் குனிந்தார்.

"வச்சேன்ல? நீங்க எல்லாரும் பார்த்தீங்கள்ல? பாய், நீங்க பார்த்தீங்களா இல்லையா? நல்ல பெரிய கல்லா..." அவருடைய வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மெள்ளத் திரும்பி ஞானவேலைப் பார்த்தார். ஞானவேல் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தான்.

ஜலீல் பாயால் முடியவில்லை. தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு, "யா அல்லா, தையல், தையல்" என்று முனகினார்.

"ஏலே, சிரிக்காதீங்க" என்றார் முதலாளி, யாரைப் பார்த்து என்று தெரியாமல். லாரியை எடுத்து மறுபடி வைத்தார். சக்கரத்தைத் திருப்பினார். இன்னும் பெரிய கல்லாக வைத்தார். லாரி இறங்கிப் போயிற்று. மூன்றாவது தடவை சக்கரத்தை நேராக வைத்தார். நின்றது. மலைப் பக்கம் திருப்பி வைத்தார். கொஞ்சம் நகர்ந்து, மாவுச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு சமர்த்தாக நின்றது.

"நான் சொன்னதுதானேய்யா இது? வண்டியும் கும்பிடணும்னு."

"அது... நான்தான் கொஞ்சம் கூடத் திருப்பிட்டேன் முதலாளி" என்றான் ஞானவேல்.

"பொய் சொல்லாதேய்யா. இப்பத்தானே நானும் திருப்பினேன். போதலைன்னு இன்னும் கொஞ்சம் திருப்பினேன்." விபூதி கலைந்த நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்னிக்கே ஏன்யா என்கிட்டச் சொல்லல?"

"கல்லு வச்சேன்னுதான் சொன்னேன். நீங்க கேக்கல."

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேறு நேரமாக இருந்தால் அந்தப் பதிலுக்கு முதலாளி ஊரைக் கூட்டியிருப்பார். இப்போது தலையை மட்டும் ஆட்டினார்.

"சாமி மேலயே இருக்காரு. அவருக்கு என் வண்டியைப் பார்க்கணும்னா இருந்த எடத்துல இருந்தே பார்த்துக்குவாரு. வண்டி எதுக்கு அவரைப் பார்க்கணும்?" என்றார், யாருக்கோ சமாதானம் சொல்கிற மாதிரி. பிறகு குரலை உயர்த்தினார். "இனிமே நம்ம வண்டி எதுவும் அங்க பள்ளத்தைப் பார்த்து நிக்கப்பிடாது. மலைப் பக்கம் வீலு. டிரைவர் இறங்கி, டிரைவர்தான் திரும்பிக் கும்பிடணும். கேட்டியா?"

"கேட்டேன் முதலாளி."

"எப்பக் கட்டுப் பிரிக்கிறாங்களாம்?"

"அடுத்த மாசம்" என்றாள் கண்மணி, டாக்டர் சொல்லாததையும் சேர்த்து. "பிரிச்சாலும் உடனே கிளட்ச் மிதிக்கக் கூடாது."

"உடனே யாரும்மா மிதிக்கச் சொன்னது? அதுவரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும். சாவி இவனுதுதான்." எழுந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, கீழே பீடியோடு நின்ற ஆளிடம், "ஏப்பா, உனக்கு ரெண்டு மாசத்துக்குத்தான் வேலை. சொல்லிட்டேன்!" என்று கத்தினார். "கல்லு வச்சிருக்கான்ய்யா இவன்! ஊர்ல எவனாச்சும் வைக்கலேன்னு சொன்னா என்கிட்ட வந்து பேசச் சொல்லு!"

ஞானவேல் பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்தான். திறந்த வேகத்தில் பாதி மாவுக்கட்டில் சிந்தியது. வரைந்திருந்த ஆக்சிலின் மேல் அது மெள்ள வழிய ஆரம்பித்தது. கண்மணி துடைக்கத் துணி எடுத்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டான்.

பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். மற்றக் கட்டில்களில் வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஐயா, நேரம் ஆயிருச்சு" என்றாள் கண்மணி.

முதலாளி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார்.

"இரும்மா. ரெண்டு வீலுக்கும் கல்லு வச்சா என்ன ஆகுதுன்னு பார்த்துட்டுப் போயிர்றேன். ஞானவேலு, நீ கொஞ்சம் தள்ளிப் படு."